தலைகீழாகக் குலுக்கினாலும் விழாத உறை

அந்த உறையை வாங்கியே விட்டீர்களா? சரி, கொடுங்கள் இப்படி, பார்ப்போம்.

பாருங்கள், வாய் தொளதொளவென்று இருக்கிறது. துப்பாக்கியை உருவியதும் இது வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் திரும்பச் செருகும்போது இந்த மடிப்பு உள்ளே போய் விசையில் மாட்டும். மாட்டினால் தொடையில் ஓட்டை. உங்கள் தொடைதான், எதிரியின் தொடை இல்லை. துப்பாக்கி உறை வாங்குவது செருப்பு வாங்குவது போல என்று நினைத்துவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் உறை. பரவாயில்லை, அரசாங்கத்தின்மேல் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு இல்லை. இந்தக் கலெக்டர் அலுவலகத்தில், இதே பெஞ்சில், நான் எத்தனை முறை உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்றைக்குப் புதுப்பிக்க வந்திருக்கிறேன். கூப்பிடுவார்கள், கூப்பிடும்போது போவோம். நகர்ந்து உட்காருங்கள், நிழல் இந்தப் பக்கம் இருக்கிறது.

என்னைத் தெரியவில்லையா? கஜபதி. தோல் பதனிடும் தொழிலாளர் சங்கத் தலைவர் கஜபதி. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றங்கரையில் எந்த டீக்கடையிலும் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. மிச்சம் எல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தது. படித்தேன், பிறகு எழுதினேன், பிறகு எழுதியதற்காக உள்ளே போனேன். மேடையில் பேசிப் பேசி எனக்குப் பேச்சே இப்படி ஆகிவிட்டது. "உப்பு எடுன்னு சொல்றதுக்குக்கூட தீர்மானம் படிக்கிற மாதிரி சொல்றான்" என்பாள் என் மனைவி தனகோட்டி. அவளைப் பற்றித்தான் இந்தக் கதை. இல்லை, உறையைப் பற்றி. இரண்டும் ஒன்றுதான், கேளுங்கள்.

எனக்கு எதிரிகள் உண்டு. தோல் பதனிடும் ஒரு பெரிய டேனரியின் முதலாளி. பேர் சொல்ல மாட்டேன், அந்தப் பேர் என் வாயில் வராது. 'அவன் கம்பெனி' என்றுதான் சொல்வேன், ஊரில் எல்லோருக்கும் புரியும். ஒரு மே மாதம் என் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே வந்து விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மாமரம் நிற்கிறது, காய்த்துத் தொங்குகிறது, பையன்கள் காய்க்கு விட்ட கல் என்றாள் தனகோட்டி. நான் சிரித்தேன். அப்படி நினைக்கட்டும் என்றுதானே மாங்காய்க் காலமாகப் பார்த்து எறிந்திருக்கிறான்?

மனுக் கொடுத்தேன். என் உயிருக்கு ஆபத்து, ரிவால்வர் லைசென்ஸ் வேண்டும். தள்ளுபடி செய்தார்கள். மறுபடியும் கொடுத்தேன். திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர் நாளில் முதல் ஆள் நான்தான். ஒரு கலெக்டர் மாறிப் போகும்போது, அடுத்து வருகிறவரிடம் என்னைப் பற்றித்தான் முதலில் சொன்னாராம். கடைசியில் கொடுத்துவிட்டார்கள். நான் மனுக் கொடுப்பதை நிறுத்துவதற்காகக் கொடுத்தார்கள் என்று சங்கத்தில் சிலர் பேசினார்கள். சிலர் என்ன சிலர், எத்திராஜுலுதான் பேசினான். அவன் எங்கள் துணைத் தலைவன். இரண்டு முறை சங்கத்தைப் பிளந்துகொண்டு போனவன், இரண்டு முறை திரும்பி வந்தவன்.

ரிவால்வர் வந்தது. உறை வரவில்லை. உறை என்று ஒன்று வேண்டும் என்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை. வேட்டி மடிப்பில் பீடிக்கட்டு செருகுகிறோம், ரூபாய் செருகுகிறோம். இதையும் செருகினால் என்ன? வயிற்றோடு வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, ஆறு தோட்டாவும் போட்டு, மே தினக் கொடியேற்றத்துக்குப் போனேன்.

கொடியேற்றும்போது மனிதன் என்ன செய்கிறான்? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கயிற்றை இழுக்கிறான். கை மேலே போனால் வயிறு உள்ளே போகிறது. வயிறு உள்ளே போனதும் ரிவால்வர் கீழே இறங்கியது. தொடையில் சில்லென்று உணர்ந்தேன். முழங்காலில் உணர்ந்தேன். கையில் கயிறு, கொடி பாதிக் கம்பத்தில். பாதிக் கம்பத்தில் கொடியை விட்டால் யாரோ செத்தார்கள் என்று அர்த்தம். ஆகவே இழுத்தேன். ணங் என்று சிமெண்டு மேடையில் விழுந்தது.

கூட்டம் முழுக்க ஒரே நொடியில் தரையில் படுத்தது. அவ்வளவு கட்டுப்பாடான கூட்டத்தை நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

தனகோட்டி மட்டும் படுக்கவில்லை. கொடிமேடைப் பக்கத்தில் ஆரஞ்சு மிட்டாய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ரிவால்வர் அவள் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. வாய் அவளைப் பார்த்து இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டை எத்திராஜுலு கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் சொற்பொழிவை முடித்துக்கொண்டு போனபோது பெட்டி கட்டியிருந்தாள்.

"என்ன இது தனகோட்டி?"

"குடியாத்தம் போறேன், தம்பி வீட்டுக்கு."

"எதற்கு?"

"உசுரோட இருக்கறதுக்கு."

"வெடிக்கவில்லையே தனகோட்டி."

"தோ பாரு தலைவரே." கோபம் வந்தால் அவள் என்னைத் தலைவரே என்பாள். "சிறைக்குப் போனே, இருந்தேன். வேலை போச்சு, இருந்தேன். போலீசு வந்து பாத்திரத்தெல்லாம் உருட்டினான், இருந்தேன். உன் இடுப்புலேர்ந்து குண்டு வந்து சாகறதுக்கு நான் இல்லே. அது விழாதுன்னு எனக்குத் தெரியற அன்னிக்கு வர்றேன். நான் தலைகீழாப் புடிச்சுக் குலுக்குவேன். விழக் கூடாது."

வீட்டிலேயே பூட்டி வைக்கலாமே என்கிறீர்கள். அவளும் அதைத்தான் கேட்டாள். என் எதிரி என் பீரோவையா சுட வருகிறான்?

போய்விட்டாள். நான் கவலைப்படவில்லை. ஒரு இயக்கத்துக்காரனுக்குச் சமைக்கத் தெரியாதா? உப்புமா செய்தேன். அதைச் சங்க அலுவலகத்து நாய்க்கு வைத்தேன், அது என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வாரா வாரம் குடியாத்தம் போய் வந்தேன், அங்கே அரசியல் நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக. அரசியல் நிலைமை மைத்துனன் பச்சையப்பன் வீட்டுத் தெருவில்தான் நன்றாகத் தெரியும். அவள் வாசலுக்கு வந்து, "உறை கிடைச்சுதா?" என்பாள். இல்லை என்பேன். கதவு சாத்திக்கொள்ளும்.

ஆகவே உறை தேடினேன்.

முதலில் பச்சை பெல்ட். வேட்டிக்குமேல் நம் ஆட்கள் கட்டுகிறார்களே, அகலமாக, ஜிப் வைத்த பை தைத்தது. அதில் ரிவால்வர் அப்படியே உட்கார்ந்தது. உழைப்பாளியின் பெல்ட், உழைப்பாளியின் ஆயுதம். துண்டுப்பிரசுரத்துக்கே தலைப்பு ஆகும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்து, "சில்லறையா குடு பெருசு" என்றான். சில்லறையும் அதே பையில்தான் இருந்தது, ரிவால்வருக்கு அடியில். சில்லறை எடுக்க வேண்டுமானால் முதலில் ரிவால்வரை எடுத்து மடியில் வைக்க வேண்டும். வைத்தேன்.

"அய்யா," என்றான் கண்டக்டர், "நீங்க உக்காருங்க அய்யா. டிக்கெட்டு வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு நாள் நான் ஓசியில் பயணம் செய்ததில்லை. "நான் அப்படிப்பட்டவன் இல்லை! டிக்கெட்டைக் கிழி!" என்று எழுந்து நின்றேன். பக்கத்து சீட்டு ஆசாமி அவனுடைய பர்சை என்னிடம் நீட்டினான். அதற்கும் பக்கத்திலிருந்த அம்மாள் வளையலைக் கழற்ற ஆரம்பித்தாள். "நான் திருடன் இல்லை அம்மா, நான் தொழிற்சங்கவாதி" என்றேன். அப்புறம்தான் வேகமாகக் கழற்றினாள்.

டிரைவர் வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்ஸ்பெக்டருக்கு என்னைத் தெரியும், எந்த இன்ஸ்பெக்டருக்குத்தான் தெரியாது. லைசென்சைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அய்யா, கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. ஜிப்போட நாக்கு ட்ரிக்கர் வளையத்துக்குள்ள பூந்திருக்கு. இன்னொரு தடவை சில்லறைக்கு இழுத்திருந்தீங்கன்னா..."

எனக்கு அன்றைக்குத்தான் முதல் பாடம். துணி உதவாது. விசையை முழுக்க மூட வேண்டும், மூடியது வளையக் கூடாது. உங்கள் கையில் இருப்பது அந்தப் பச்சை பெல்ட்டைவிடக் கொஞ்சம் விலை கூட, அவ்வளவுதான்.

அடுத்து சென்னைக்குப் போனேன், துப்பாக்கிக் கடைக்கு. கண்ணாடிப் பெட்டி, ஏசி, டை கட்டிய விற்பனையாளர். "பேண்ட்டுக்கா சார், சூட்டுக்கா?" என்றார்.

"வேட்டிக்கு."

"வேட்டிக்கு ஹோல்ஸ்டர் யாரும் செய்யறது இல்லையே சார்."

"இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் வேட்டி கட்டுகிறார்கள்."

"அவங்க துப்பாக்கி வெச்சுக்கறது இல்லை சார்."

"அதனால்தான் இந்த நிலைமையில் இருக்கிறார்கள்" என்றேன். அங்கேயே நின்று ஒரு கால் மணி நேரம் பேசியிருப்பேன். கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள். விற்பனையாளர் பொறுமைசாலி. தோளில் மாட்டும் உறை ஒன்றைக் காட்டினார். நைலான் பட்டை, இடது அக்குளுக்குக் கீழே ரிவால்வர், மேலே சட்டை. வேட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வாங்கிவிட்டேன்.

இதில் என்ன குறை என்று சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல முடியாது. ஏனென்றால் நீங்கள் கோஷம் போடுகிறவர் இல்லை.

மறு வாரம் ஆர்ப்பாட்டம். "தொழிலாளர் ஒற்றுமை" என்று நான் குரல் கொடுத்து வலது முஷ்டியை ஓங்க வேண்டும், கூட்டம் "ஓங்குக" என்று வாங்க வேண்டும். முஷ்டியை ஓங்கினேன். வலது கை மேலே போனதும் முதுகுப் பட்டை இழுத்தது, பட்டை இழுத்ததும் இடது பக்கத்து ரிவால்வர் சட்டைப் பொத்தானுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. கையை இறக்கினேன், உள்ளே போனது. ஓங்கினேன், வெளியே வந்தது. கூட்டம் முஷ்டியைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தது. ஆகவே கையைக் காது வரைக்கும் மட்டும் தூக்கிக் கோஷம் போட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே எத்திராஜுலு டீக்கடையில் பேசியிருக்கிறான். "கஜபதி கையைப் பாத்தீங்களா? காதோட நின்னு போச்சு. முதலாளியோட ஏதோ பேசி முடிச்சிட்டாரு." நாற்பது வருஷப் போராட்டம், ஒரு நைலான் பட்டையால் துரோகம் ஆகிவிட்டது. அதற்குமேல் இன்ஸ்பெக்டர் வந்து, "அய்யா, ஆர்ப்பாட்டத்துக்கு இதை எடுத்துட்டு வரக் கூடாது, சட்டம்" என்றார். எந்தப் பிரிவு என்று கேட்டேன். சொன்னார். அந்தப் பிரிவை எதிர்த்து மனுக் கொடுக்கப் போகிறேன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

தோள் உறையை எடுத்துக்கொண்டு குடியாத்தம் போனேன். தனகோட்டி வாசலிலேயே வாங்கி, தலைகீழாக ஒரு குலுக்கு. நல்லவேளை, பச்சையப்பன் வீட்டில் கன்றுக்குட்டி கட்டும் இடம், கீழே வைக்கோல் இருந்தது. தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன், அந்த அளவு அறிவு வந்திருந்தது.

"விழுந்துது" என்றாள்.

"நீ ரொம்பக் குலுக்குகிறாய்."

"நீ விழுந்தா இதைவிடக் குலுங்கும். பஸ்ஸுல தூங்கி விழற ஆளுதானே நீ?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மீன் குழம்பு வாசனை. பச்சையப்பன் பின்பக்கமாக வந்து, "மாமா, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க, அக்காவுக்குத் தெரியாம" என்றான். மறுத்துவிட்டேன். கொள்கை. பஸ் ஏறிய பிறகு ஆம்பூர் வரைக்கும் அந்த வாசனையைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

கணுக்காலில் கட்டுவதும் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டினால் ஊருக்கே தெரியும். விடுங்கள்.

மறுபடியும் சென்னை. விற்பனையாளர் என்னைப் பார்த்ததும் கதவை மூடப் பார்த்தார், நான் காலை வைத்துவிட்டேன். "சார்," என்றார், "உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சரி" என்று ஒன்றை எடுத்து வைத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கனமான தோல். வாய்க்கு உள்பட்டி தைத்து, எப்போதும் திறந்தே நிற்கிறது. விசை முழுக்க மூடிக்கொள்கிறது, ஒரு குச்சிகூட உள்ளே போகாது. மேலே குறுக்கே ஒரு வார், அதற்கு ஒரு பித்தளைப் பொத்தான். ரிவால்வரை வைத்ததும் வாரை இழுத்துப் பொத்தானை அமுக்கினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. இதுதான் உறை. குறித்துக்கொள்ளுங்கள்: திறந்து நிற்கும் வாய், மூடிய விசை, இறுக்கிப் பிடிக்கும் வார்.

கையை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

ஏனா? அது தோல்.

எண்பத்தேழில் அவன் கம்பெனியில் சங்கம் வைத்ததற்காக ஆட்களை வெளியே தள்ளினான். நானும் அதில் ஒருவன். ஆம்பூர் மைதானத்தில் பொதுக்கூட்டம், எள் விழ இடமில்லை. நான் மேடையில் சொன்னேன்: "வெளியே தள்ளிய தோழர்களை அவன் திரும்ப வேலைக்கு எடுக்கும்வரை தோல் என் உடம்பில் படாது!" கைதட்டல் அடங்கவே இல்லை. அன்றிலிருந்து ரப்பர் செருப்பு. கடிகாரத்துக்கு நைலான் வார். பறை நன்றாக அடிப்பேன், அதையும் விட்டேன். தோல் ஊரில் பிறந்து, தோல் தொழிலாளிக்குத் தலைவனாக இருந்து, தோலைத் தொடாமல் ஒருவன் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறான் என்றால் அது சாதாரணமா? ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் கைதட்டுவார்கள்.

இந்தப் பக்கம் சபதம், அந்தப் பக்கம் தனகோட்டி. நீங்கள் என்ன செய்வீர்கள்? ரகசியமாக வாங்கிச் சட்டைக்கு உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். நான் ஜனநாயகவாதி. சங்கத்தின் செயற்குழுவைக் கூட்டினேன். பொருள்: தலைவரின் துப்பாக்கி உறை.

மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய விவாதம். நான் முன்வைத்த வாதம் இதுதான்: சட்டையை நான் அணிகிறேன், செருப்பை நான் அணிகிறேன். உறையை நான் அணியவில்லை. உறையை அணிவது துப்பாக்கி. துப்பாக்கி எந்தச் சபதமும் எடுக்கவில்லை.

எத்திராஜுலு எழுந்தான். "அப்ப பெல்ட்டு? உறை பெல்ட்டுல தொங்குது. பெல்ட்டை அணியறது யாரு, கஜபதியா, உறையா?"

"துணி பெல்ட்டில் மாட்டிக்கொள்வேன்."

"உறையோட பின்பக்கம் உன் இடுப்புல படும்."

"நடுவில் வேட்டி இருக்கிறது."

"வேட்டி மெல்லிசு. வேர்த்தா ஒட்டிக்கும். ஒட்டினா பட்டதா, படலையா?"

இப்படி ஒரு மணி நேரம். ஒரு தோழர் 'கஜபதியும் துப்பாக்கியும் ஒரே அமைப்பின் இரு உறுப்புகளா' என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு டீ ஆனது. தேசிங்கு மூலையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். என்னோடு வெளியே தள்ளப்பட்டவர்களில் ஒருவன். மேடையில் சபதத்தைச் சொல்லும்போதெல்லாம் அவனைத்தான் கை காட்டுவேன், "இதோ, நீதி கிடைக்காத தோழன்!" என்று. அவனும் எழுந்து கும்பிடுவான்.

தேசிங்கு கண் விழித்தான். "அண்ணா," என்றான், "இன்னும் இதுவா பேசறீங்க? நான் வீட்டுக்குப் போவணும். அந்தச் சபதம்தான் எப்பவோ முடிஞ்சு போச்சே?"

"எப்படி முடிந்தது?"

"எங்களையெல்லாம் அவன் தொண்ணூத்தி ரெண்டுலயே திரும்ப எடுத்துக்கிட்டான் அண்ணா. நான் அங்கதான் வேலை பாத்து ரிடையர் ஆனேன். எம் பையனும் இப்ப அங்கதான் கீறான்."

நான் எத்திராஜுலுவைப் பார்த்தேன். அவன் மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் கஜபதி."

"எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?"

"அப்ப நீ வேலூர் ஜெயில்ல இருந்தே. வெளிய வந்த அன்னிக்கே மாலை போட்டு மேடையேத்தினோம், நீ சபதத்தைச் சொன்னே, கூட்டம் கைதட்டுச்சு." எத்திராஜுலு அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "அதுக்கப்புறம் யாரு வந்து சொல்றது? ஒவ்வொரு வருஷமும் கூட்டம் கம்மியாச்சு. உன் சபதத்துக்கு மட்டும்தான் இன்னும் கைதட்டறாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த பொருளுக்குப் போகலாம்" என்றேன். அடுத்த பொருள் எதுவும் இல்லை.

சிறுநீர் கழிக்க வெளியே வந்தேன். வாசலில் தோழர்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் தோல். என்னுடையது மட்டும் ரப்பர், ஓரத்தில். அத்தனை வருஷமாக அந்த வாசலில்தான் கழற்றுகிறேன், கீழே பார்த்ததில்லை. தலைவன் கீழே பார்த்து நடக்க மாட்டான்.

பிறகு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. எங்கள் கோரிக்கை என்ன? ஆட்களைத் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்துவிட்டான். அப்படியானால் நான் ஜெயித்துவிட்டேன்! தொண்ணூற்றிரண்டிலேயே ஜெயித்துவிட்டேன். எனக்குத் தகவல் வரவில்லை, அவ்வளவுதான். உள்ளே போய் அதையே தீர்மானமாகப் படித்தேன்: போராட்டம் மகத்தான வெற்றி, உறை அனுமதிக்கப்படுகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். தேசிங்கு ரொம்ப நேரம் தட்டினான். அவன் கண் ஏன் கலங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. பீடிப் புகை அதிகம் அங்கே.

சென்னைக்குப் போய் வாங்கினேன். விற்பனையாளர் விலையில் பாதியைக் குறைத்துக்கொண்டு, இனிமேல் போனில் பேசினால் போதும் என்றார். பஸ்ஸில் அதை மூக்கில் வைத்து முகர்ந்தேன். தோல் வாசனை. அத்தனை வருஷத்துக்கு அப்புறம். நல்ல பதம். எந்த டேனரியில் பதனிட்டது என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன் நான். சொல்ல மாட்டேன்.

நேராகக் குடியாத்தம். தனகோட்டி வாசலுக்கு வந்தாள். தோட்டா ஆறையும் அவள் கையில் எண்ணிப் போட்டேன். அவற்றைச் சுருக்குப் பையில் போட்டு, வாயை இழுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். ரிவால்வரை உறையில் வைத்தேன், வாரை இழுத்தேன், பொத்தானை அமுக்கினேன். கொடுத்தேன்.

தலைகீழாகப் பிடித்தாள். குலுக்கினாள். புளி உலுக்குவது போல உலுக்கினாள். தூணில் தட்டினாள். பச்சையப்பனிடம் கொடுத்து, "நீ ஆம்பிளைதானே, குலுக்கு" என்றாள். அவன் குலுக்கினான். விழவில்லை.

"பார்த்தாயா?" என்றேன்.

"சரி, விழலை." உறையை என் இடுப்பில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். "இப்ப எடு."

"எதற்கு?"

"உன்னைச் சுடறதுக்கு ஆளு வந்தாச்சு. நான்தான் அது. தோ நிக்கறேன். எடு தலைவரே."

கை வைத்தேன். பொத்தானைக் கட்டைவிரலால் நெம்ப வேண்டும். நெம்பினேன். வழுக்கியது. சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிய விரல்கள் இவை, மூட்டு வீங்கிப்போய் மடங்காது. மறுபடி நெம்பினேன். இரண்டு கையாலும் நெம்பினேன். இடுப்பைத் தூணில் முட்டுக்கொடுத்து நெம்பினேன். பச்சையப்பன் கையை நீட்டி, "மாமா, நான் வேணா..." என்றான்.

"நீ கம்முனு இருடா," என்றாள் தனகோட்டி.

நான் வேர்த்துப்போய் நின்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இப்போதுதான் பார்ப்பவள் மாதிரி. பிறகு உள்ளே போனாள். பெட்டியோடு வெளியே வந்தாள்.

"வா, ஊட்டுக்குப் போலாம்."

"திறக்கவில்லையே தனகோட்டி?"

"அதான் போலாங்கறேன்."

அன்றைக்கு ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பாதீர்கள். நான் விழிப்போடு இருந்தேன், ஆயுதம் வைத்திருப்பவன் தூங்கக் கூடாது.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன், அந்தத் தொளதொள உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்குங்கள். ஒரு முறை விழுந்தது இல்லை. ஒரு முறை வெடித்தது இல்லை. என் எதிரிகள் யாரும் என் பக்கம் வந்ததும் இல்லை. பயந்துவிட்டார்கள்.

கூப்பிடுகிறார்கள், என் பேர்தான். கிளார்க் ரிவால்வரின் எண்ணைப் பார்க்க வேண்டுமாம், வெளியே எடுத்துக் காட்ட வேண்டுமாம். வழக்கமாகத் தனகோட்டிதான் எடுத்துக் கொடுப்பாள், இன்றைக்கு அவளுக்கு மீன் வாங்கும் வேலை வந்துவிட்டது. உங்கள் கட்டைவிரலைக் காட்டுங்கள். பரவாயில்லை, நல்ல விரல். பயப்படாதீர்கள், காலி, தோட்டா அவளுடைய சுருக்குப் பையில். இதோ, இந்தப் பித்தளைப் பொத்தான், கொஞ்சம் நெம்புங்கள். சத்தம் வராமல். அந்தக் கடைசி பெஞ்சில் பேப்பர் படிக்கிறாரே, அவர் எத்திராஜுலுவின் ஆள்.